சதுர அடிக்கு அப்பால்: கேளம்பாக்கத்தில் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையின் தென்பகுதியில் வேலை பார்க்கிறவர்கள் வீடு தேடும்போது கேளம்பாக்கத்தைப் பார்க்காமல் போவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையும் (ஓ.எம்.ஆர்.), மேற்கே வண்டலூர் செல்லும் சாலையும், கிழக்கே கோவளம் செல்லும் சாலையும் இங்கேதான் கூடுகின்றன. வடக்கே சிறுசேரி சிப்காட். ஊரிலேயே செட்டிநாடு மருத்துவமனை வளாகம். படூரில் இந்துஸ்தான் பல்கலைக்கழகம். வண்டலூர் சாலையில் வி.ஐ.டி.; தெற்கே தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் புதிய வளாகம், களவாக்கத்தில் எஸ்.எஸ்.என். கல்லூரி. மனை விற்பனைத் துண்டறிக்கைகள் இந்தப் பட்டியலைத்தான் திரும்பத் திரும்ப அச்சிடுகின்றன.

பட்டியலில் பொய் இல்லை. ஆனால் குடியேறப் போகிறவரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை வேறு. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பெய்த மழை எந்த வழியாகப் போகிறது, குப்பை தேங்கினால் யாரிடம் முறையிடுவது, அக்கம்பக்கத்தில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்பவை அவை. சதுர அடி விலையில் இவை எதுவும் தெரிவதில்லை. நிலத்தின் சரிவையும் நிர்வாகத்தின் எல்லையையும் படித்த பிறகே வீட்டின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். நாம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஏற்கெனவே அங்கிருப்பவர்களின் வாழ்க்கையையும் மாற்றுகிறது. ஆகவே அதில் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பது அதன் மறுபாதி.

சாலை வளர்த்த ஊர்

கேளம்பாக்கத்தின் பழைய அடையாளம் உப்பளம். ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி, அதையொட்டிப் பாத்திகள், அவற்றினூடே பக்கிங்காம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக நீட்டப்பட்டு, 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவாக்கப்பட்ட அந்தக் கால்வாய், அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் அதன் வழியே படகில் சென்னைக்குப் போயின. மேற்கே ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டுப் புஞ்சைகளில் சவுக்கு. ஊரின் பொருளாதாரம் நிலத்தின் உயர தாழ்வை அனுசரித்தே அமைந்திருந்தது.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2008இல் பழைய மாமல்லபுரம் சாலை மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச்சாலையானது. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் பிறகு ஊர் சாலையை அனுசரித்து வளரத் தொடங்கியது. சாலையோரம் எந்த நிலம் கிடைத்தாலும், அது மேடா பள்ளமா என்ற கேள்வி இல்லாமல், விலை ஏறியது.

நிர்வாகம் அந்த வேகத்தில் வளரவில்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, இந்தச் சாலையில் அதன் தென் எல்லை செம்மஞ்சேரியோடு நின்றது. அதற்குத் தெற்கே நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் கிராம ஊராட்சிகள். கேளம்பாக்கத்துக்கு வட்டம் திருப்போரூர்; மாவட்டம், 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு; காவல், 2022இல் தொடங்கிய தாம்பரம் ஆணையரகம். திட்டமிடலைப் பொறுத்தவரை, சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிக்கப்பட்டபோதுதான் இந்த ஊர் அதற்குள் வந்தது. அதற்குள் பெரும்பாலான கட்டடங்கள் எழும்பிவிட்டன.

1956இல் அமெரிக்கப் பொருளியலாளர் சார்லஸ் டீபோ ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த உள்ளாட்சி எவ்வளவு வரி வாங்கி என்ன வசதி தருகிறது என்று பார்த்து மக்கள் குடிபெயர்கிறார்கள். அப்படிக் குடிபெயர்வதே ஒருவகை வாக்களிப்பு என்றார். கேளம்பாக்கத்தில் அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. இங்கே வருகிறவர் ஊராட்சியைப் பார்த்து வருவதில்லை. கட்டுநரைப் பார்த்து வருகிறார். ஆழ்துளைக் கிணறு, ஆர்.ஓ., கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஜெனரேட்டர், காவலாளி என எல்லாம் வளாகத்தின் சொந்த ஏற்பாடு. மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ்தான் உண்மையான உள்ளூர் வரி. அந்த வரியை நிர்வகிப்பது குடியிருப்போர் சங்கம். சங்கம் சரியாக இயங்காத வளாகத்தில் புதுக் கட்டடம்கூடச் சீக்கிரம் பழையதாகிவிடும். எனவே மாதிரி வீட்டைவிட சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது பயன் தரும்: கழிவுநீர் நிலையம் ஓடுகிறதா, லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு போகிறது, நிலுவை வைத்திருப்போர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தண்ணீர் வரும் வழி

இந்தப் பகுதியில் வீடு பார்க்கப் போனால் முதலில் குளியலறைக் குழாயைப் பார்க்க வேண்டும். குடிவந்து ஓரிரு ஆண்டு ஆன வீடாக இருப்பது நல்லது. ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிந்திருப்பது, குழாய் மூட்டில் பச்சையேறியிருப்பது, தரை ஓட்டில் துடைத்தாலும் போகாத மங்கல் ஆகியவை அந்த மண்ணின் நீர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

காரணம் நிலத்தடியில் இருக்கிறது. கடலோர மணலில் மழைநீர் ஊறி, கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும்: அதிகமாக உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரக்கூடும். கேளம்பாக்கத்தில் கடலோடு உப்பங்கழியும் கூட இருப்பதால் உவர்ப்பு கிழக்கிலிருந்து இன்னும் உள்ளே வருகிறது. மேற்கே வண்டலூர், புதுப்பாக்கம் பக்கம் பாறை நிலம். அங்கே உப்புத் தொல்லை குறைவு. ஆனால் பாறை வெடிப்பில் மாட்டினால்தான் தண்ணீர். பக்கத்து மனையில் ஊறுகிற போர் நம் மனையில் வறண்டு கிடக்கலாம்.

2019 கோடையில் சென்னையின் நான்கு முக்கிய ஏரிகளும் ஏறக்குறைய வற்றியபோது, ஓ.எம்.ஆரில் இருந்த சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். அந்த ஆண்டு தண்ணீர் லாரியின் வருகைதான் பல வளாகங்களில் நாளின் நடைமுறையை முடிவு செய்தது. லாரித் தண்ணீரும் வானத்திலிருந்து வருவதில்லை; பெரும்பாலும் திருப்போரூர் வட்டத்துக் கிராமங்களின் கிணறுகளிலிருந்தே வருகிறது. நம் மாடித் தொட்டி நிரம்பும்போது எங்கோ ஒரு வயல் கிணற்றின் மட்டம் இறங்குகிறது.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, அதே கடலோரத்தில், நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையம் 2013இலும், 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024இலும் திறக்கப்பட்டன. அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுள்ள நிலையத்துக்கான பணியும் நடக்கிறது. ஆனால் இந்தக் குழாய்கள் வடக்கே மாநகரத்தை நோக்கிப் போகவே வடிவமைக்கப்பட்டவை. நிலையம் பக்கத்தில் இருப்பது வேறு, நம் தெருவில் இணைப்பு இருப்பது வேறு. "மெட்ரோ வாட்டர் வரப்போகிறது" என்ற வாக்குறுதிக்கு விலை கொடுக்காமல், இன்றைக்குக் குழாயில் என்ன வருகிறது என்பதற்கு மட்டும் விலை கொடுப்பதே விவேகம்.

தண்ணீர் போகும் வழி

வறட்சிக்குப் படும் கவலையில் பாதியையாவது வெள்ளத்துக்கும் பட வேண்டும். கோவளம் கழிமுகத்தை நோக்கி இரண்டு பக்கமிருந்து நீர் வருகிறது. வடக்கிலிருந்து தாம்பரம், வேளச்சேரிப் பக்கத்து ஏரிகளின் உபரி பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி முட்டுக்காட்டை அடைகிறது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் தையூர், மானாமதி முதலிய ஏரிகளின் உபரி உப்பங்கழிக்கு வருகிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்: முட்டுக்காட்டு முகத்துவாரம். அங்கே மணல் திட்டு மூடியிருந்தாலும், கடல் ஏற்றத்தில் இருந்தாலும், நீர் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும் நீர் தங்குமிடம்தான் இந்த உப்பங்கழியும் உப்பளங்களும் தாழ்ந்த வயல்களும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்ததும் இந்த வடிநிலத்தின் கொள்ளளவைச் சோதித்தன. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, தாழம்பூர் வட்டாரங்களில் தண்ணீர் நின்றதற்கு மழையளவு மட்டும் காரணமில்லை. நீர் தங்கிய இடத்தில் நாம் தங்கிவிட்டோம். அதனால் நீருக்கு இடமில்லாமல் போனது.

நிலம் எப்படிப்பட்டது என்பது வருவாய்த் துறை ஆவணங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அவை நிலம் யாருடையது என்று சொல்லும். நிலம் எப்படிப்பட்டது என்று சொல்லா. அதற்கு 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேரே நஞ்சை, புஞ்சை, ஏரி, ஓடை, மேய்க்கால், நத்தம் என்ற வகைப்பாடு இருக்கும். நஞ்சை என்றிருந்தால் அதன் பொருளை நின்று யோசிக்க வேண்டும்: ஏரி மதகைத் திறந்தால் தானாக நீர் வந்து பாயும் தாழ்வான நிலம் அது. எத்தனை லோடு மண் அடித்து உயர்த்தினாலும் சுற்றிலும் உள்ள நிலம் சரிவது அந்தப் பக்கம்தான். புலப்படத்தில் மனையின் ஓரத்தில் இரட்டைக்கோடாக ஒரு வாய்க்கால் ஓடினால், அது இன்று தரையில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையாகவோ சுற்றுச்சுவராகவோ மாறியிருந்தால், அந்த வாய்க்கால் மழைக்காலத்தில் திரும்ப வரும். ஏரியின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கரைக்கு வெளியே என்றால் கலங்கல் வழியும் திசையைத் தவிர்க்க வேண்டும். உள்வாயை ஒட்டி என்றால் ஏரி நிரம்பும்போது நீர் எதுவரை விரியும் என்று அறிய வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதியை அரசின் இணையவழிச் சேவையிலேயே எடுக்கலாம். அதோடு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ எழும்பும் திட்டங்கள் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனி மனை வாங்குவோர், அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் விதித்த தடையையும், மறு ஆண்டு வந்த வரன்முறை விதிகளையும் மனத்தில் கொள்ள வேண்டும். உப்பங்கழி ஓரத்து மனைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் பொருந்தும். அலையேற்றம் எட்டும் நீர்நிலைகளும் அவ்விதிகளுக்குள் வருவதால், கடல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக விதி இல்லை என்று ஆகாது.

ஆவணம் பார்த்தாலும் ஊர்க்காரரைக் கேட்பது தவறக்கூடாது. மனையை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனிடம், இட்லி விற்கும் அக்காவிடம் கேட்க வேண்டும். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராது" என்று வியாபாரத்துக்குச் சாதகமான பதில்தான் வரும். "மிக்ஜாமுக்கு இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுதுக்கா, எத்தனை நாள்ல வடிஞ்சுது?" என்று கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

ஒரு பெயர், நான்கு இடங்கள்

விளம்பரங்களில் 'கேளம்பாக்கம்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் நான்கு தனித்தனி வட்டாரங்கள்.

சந்திப்பும் அதற்கு வடக்கே படூர் வரையிலான சாலையோரமும் முதலாவது. பேருந்து, மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் நடந்து எட்டும் தொலைவில். வண்டி ஓட்டாத முதியோருக்கும் மாணவருக்கும் இதுவே வசதி. பிராட்வேயிலிருந்து வரும் 102, தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515 போன்ற பேருந்துகள் கார் இல்லாத வாழ்க்கையைச் சாத்தியமாக்குகின்றன. இரைச்சலும் நெரிசலும் அதற்கு விலை.

வண்டலூர் சாலையில் புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, மேலக்கோட்டையூர் என்று மேற்கே போவது இரண்டாவது. ஒப்பளவில் மேட்டு நிலம். ரயிலுக்கும், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கும் போக வழி இதுதான். வெளியூரில் பெற்றோர் இருப்பவர்களுக்கும், தம்பதியரில் ஒருவருக்கு வண்டலூர் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வேலை இருப்பவர்களுக்கும் ஏற்றது. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகப் போக ஷேர் ஆட்டோவையோ சொந்த வண்டியையோ நம்ப வேண்டும்.

தெற்கே தையூர், களவாக்கம், திருப்போரூர் மூன்றாவது. ஏரிகளின் நாடு. வாடகை குறைவு, காற்று நன்று, திருப்போரூர் முருகன் கோயிலைச் சுற்றிப் பழைய ஊரின் நிறைவான கடைத்தெரு. ஆயக்கட்டு நிலங்கள் அதிகம் என்பதால் பதிவேட்டை மிகக் கவனமாகப் படிக்க வேண்டியதும் இங்கேதான்.

கிழக்கே உப்பங்கழியைக் கடந்து கோவளம், முட்டுக்காடு நான்காவது. பாலத்தில் நின்றால் இருபுறமும் நீர்ப்பரப்பு. வலசைக் காலத்தில் பூநாரைகள் இறங்கும் இடம். அழகில் மற்ற மூன்றும் இதற்கு ஈடில்லை. உவர்நீர், துருப்பிடிக்கும் கம்பி, புயல் காற்று, கடலோர விதிகள் என்று இங்கே வாழ்வதற்கான செலவும் அதிகம்.

இந்த நான்கையும் ஒப்பிட நேரக் கணக்கு ஒன்று உதவும். உலகின் பல நகரங்களில் மனிதர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிட ஒப்புகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். சிறுசேரியில் வேலை என்றால் கேளம்பாக்கம் அந்தக் கணக்குக்குள் நிற்கும். தரமணியிலோ கிண்டியிலோ வேலை என்றால், ஒரு வழிப் பயணமே அதை விழுங்கிவிடும். மாதவரத்திலிருந்து அமைக்கப்பட்டுவரும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. அங்கிருந்து கேளம்பாக்கம் வரும் கடைசித் துண்டு இன்னமும் சாலையை நம்பியதே. வேலை மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் இருப்பவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் வாடகைக்கு இருந்து பார்ப்பது எல்லா ஆராய்ச்சியையும்விட மேலானது. வாடகைக்கு வருகிறவர் 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சென்னையில் வழக்கமாகிவிட்ட பத்து மாத அட்வான்ஸுக்கு மாறாக அது மூன்று மாத வாடகையை அளவுகோலாக வைக்கிறது.

தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள், முடியாதவர்கள்

எங்கே வாழ்வது என்று தேர்வதே எல்லாருக்கும் கிடைக்கும் பேறல்ல. இதே ஓ.எம்.ஆரில் 2000இல் கண்ணகி நகரும், பிறகு செம்மஞ்சேரியும், பெரும்பாக்கமும் எழுந்தன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே கொண்டுவந்து விடப்பட்டன. பிழைப்பு, பள்ளி, உறவு எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. நிலத்தின் சரிவை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவுமில்லை.

வாடகைச் சந்தையிலும் கதவுகள் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறப்பதில்லை. 2015இல் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வீடு கேட்கும்போது மறுக்கப்படுவதையும் கூடுதல் நிபந்தனைகளுக்கு உள்ளாவதையும் பதிவு செய்தது. "சைவம் மட்டும்" என்ற பலகையைச் சென்னையின் புறநகரிலும் காணலாம். ஒவ்வொருவரும் தம்மைப் போன்ற சிலர் அருகில் இருந்தால் போதும் என்று நினைத்தாலே ஊர் முழுவதும் பிளவுபட்டுவிடும் என்று தாமஸ் ஷெல்லிங் 1971இல் எளிய மாதிரி ஒன்றைக் கொண்டு காட்டினார். நல்ல அக்கம்பக்கம் என்பதை நம்மைப் போன்றவர்கள் மட்டும் வாழும் அக்கம்பக்கம் என்று புரிந்துகொண்டால், நாம் அறியாமலே அந்தப் பிளவைக் கட்டுகிறோம்.

முன்பிருந்தே இங்கே இருப்பவர்களும் இருக்கிறார்கள்: கழியில் வலைவீசும் மீனவர்கள், பாத்தியில் வேலை செய்யும் உப்பளத் தொழிலாளர்கள், இடுப்பளவு நீரில் கைகளால் தடவியே இறால் பிடிக்கும் இருளர்கள். நம் வளாகத்தின் கழிவுநீர் நிலையம் ஓடாமல் போனால், அந்தக் கழிவு கடைசியில் சேர்வது அவர்கள் கைவைக்கும் நீரில். திருப்போரூர் அருகே, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே, 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் நன்னீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நகரத்துக்குத் தாகம் தீரும். உவர்நீரை நம்பிய மீன்வளம் என்னாகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. புதிதாக வந்தவர்களும் அவர்களோடு நின்று அதற்குப் பதில் கேட்க வேண்டும்.

குடியேறிய பிறகு

கேளம்பாக்கமும் அதன் சுற்றுவட்டாரமும் வாழத் தகுந்த ஊர்களே. வேலை, கல்வி, மருத்துவம், கடற்காற்று எல்லாம் ஒருங்கே கிடைக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. தேர்வின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். முதலில் நிலத்தின் உயரமும் நீரின் திசையும். அடுத்து குழாயில் வரும் தண்ணீர். பிறகு வேலைக்கான பயண நேரம். அதன்பின் சங்கத்தின் ஒழுங்கு. கடைசியில் விலையும் வசதிகளும். விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கின்றன.

பத்திரம் பதிவானதோடு தேர்வு முடிந்துவிடுவதில்லை. பத்தாவது மாடியில் இருந்தாலும் சட்டப்படி நாம் ஒரு கிராம ஊராட்சியின் குடிமக்கள். ஆண்டுக்கு ஆறு முறை, குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி நாள் ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுக்குமாடிக்காரர்கள் அங்கே அரிதாகவே போகிறார்கள். அதனால்தான் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதும், லாரிக் கிணறுகளைக் கட்டுப்படுத்துவதும், கழிவுநீருக்குப் பொது ஏற்பாடு செய்வதும் யாருடைய கோரிக்கையும் இல்லாமல் கிடக்கின்றன. ஒரு வளாகத்திலிருந்து இருபது பேர் வாக்காளர் அட்டையோடு போய் உட்கார்ந்து, வளாகத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள ஏரிக்காகத் தீர்மானம் கேட்டால், ஊராட்சியால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நல்ல குடியிருப்புப் பகுதி ஆயத்தமாகக் கிடைக்கும் சரக்கல்ல. பாதியை நிலம் தருகிறது. மீதியை அங்கே குடியிருப்பவர்கள் கேட்டுப் பெற்றுத்தான் உருவாக்க வேண்டும்.